எல்லாக் குட்டிக்கும் ஒரு கரண்டி

செயின்ட் பால், மினசோட்டா
நவம்பர் 3

அண்ணா,

வியாழக்கிழமை உன் நாய்க் கொட்டிலில் நின்றபோது நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். உன் சின்ன மகள் சவில்லாவின் கையிலிருந்து அந்தக் கரண்டியை வாங்கு என்று சொல்லவில்லை. நோயில்லாத குட்டிக்கு எதற்கு மருந்து என்று கேட்கவில்லை. உன் பண்ணையிலிருந்து வந்த குட்டி ஒன்று போன மாதம் எங்கள் கால்நடை மருத்துவமனை மேஜையில், என் கைக்குள்ளேயே செத்துப்போனது என்பதையும் சொல்லவில்லை.

கல்யாண நாள். உன் பெரியவள் வெர்னா அப்போதுதான் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, நம் கல்யாண வழக்கப்படி செலரித் தண்டு தின்றுகொண்டிருந்தாள். உன்னோடு கொட்டிலுக்கு வந்தவர்களில் டீக்கன் ஈலையும் இருந்தார். காரும் கரண்டும் வேண்டாம் என்று வாழும் நம் சபையை ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பே நான் விட்டுப் போனதால்தான் உங்கள் மேஜையில் எனக்கு இடம் இருக்கிறது. வாங்கிய பிறகு போனவர்களோடு நீங்கள் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டீர்கள். அப்படிப்பட்டவள் விருந்தாளிகளுக்கு முன்னால் வீட்டுக்காரனைத் திருத்தினால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாரு ரோடா, என் கொட்டில்ல நீ தரையில உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றாய். உண்மைதான். எங்கள் அறுவை அறைகூட அத்தனை சுத்தமில்லை. அப்புறம் சொன்னாய்: "குட்டி ஏத்துற லாரி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலேருந்து பவுடர். ஒண்ணு விடாம எல்லாக் குட்டிக்கும் ஒரு கரண்டி."

சவில்லா ஒவ்வொன்றாக மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தாள். "இது பயங்கரக் கசப்பு அத்தை. அதான் மேப்பிள் பாகு. இவன் பேரு பட்டன். துப்பிருவான். மூக்குல ஊதினா முழுங்கிருவான், பாக்குறியா?" ஊதிக் காட்டினாள். "என் பொண்டாட்டி எனக்கு விளக்கெண்ணெய் குடுக்கிறதைவிட இந்தப் புள்ள பதமாக் குடுக்குதே" என்று ஈலை சிரித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். சவில்லா கரண்டியில் ஒட்டியிருந்த பாகை நக்கிவிட்டு, அதே கையால் அடுத்த குட்டியைத் தூக்கினாள்.

இப்போது அந்த மனிதரைப் பற்றி. பெயர் ஹாஸ்கல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு துணைக்கென்று வணிக வளாகத்துக் கடையில் குட்டி வாங்கினார். கடைச் சுவரில் ஒரு பெரிய படம் உண்டு. வெள்ளைக் களஞ்சியம், குதிரை வண்டி, உன்னைப் போலத் தொப்பி போட்ட ஒருவர் முதுகு. "அந்த மாதிரி ஜனங்க வளர்த்ததுன்னா நம்பலாம்னு நினைச்சேம்மா" என்றார். குட்டியோடு வந்த தாளில் உன் பெயர் இருந்தது. குட்டிக்கு இரத்தபேதி. ஒரு மருந்து கொடுத்தோம், பிறகு இன்னொன்று. எதுவும் கேட்கவில்லை. அது செத்த சில நாளில் அவருடைய மகள் கூப்பிட்டாள். அதே கிருமி, அதே பேதி, அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் அவருக்கும் வேலை செய்யவில்லை. இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஒன்றுதான் கடைசியில் பிடித்தது. அதற்குப் பிறகு கொடுக்க அவர்களிடம் அதிகம் எதுவும் இல்லை.

உன் பவுடர் அந்தக் கிருமியைக் கொல்லவில்லை அண்ணா. பழக்கிவிட்டது. தினம் ஒரு கரண்டி போனால் பலவீனமானவை சாகும். தாங்குகிறவை மிஞ்சும். மிஞ்சியவற்றுக்குப் போட்டியே இல்லை, குட்டியின் குடல் முழுவதும் அவற்றுக்குத்தான். அந்த ஒரு மருந்து மட்டுமல்ல, அதன் உறவுக்கார மருந்துகள் எல்லாமே கிருமிக்குப் பழகிவிடுகின்றன. அந்த உறவுக்கார மருந்துகளில் ஒன்றைத்தான் குழந்தைகளுக்குப் பேதி கண்டால் முதலில் கொடுக்கிறார்கள்.

நோய் வந்த குட்டிக்கு மட்டும், பரிசோதித்துவிட்டு மருந்து கொடு. மற்றவற்றுக்கு நிறுத்து. அதுவரை சவில்லாவைக் கொட்டிலுக்குள் விடாதே. இதை நேரில் சொல்லாததற்கு என் மேல் கோபப்படு. சொன்னதற்குக் கோபப்படாதே.

ரோடா


ஓஹையோ
நவம்பர் 9

ரோடாவுக்கு,

காலையில் உறைபனி. சோளம் அறுத்தாகிவிட்டது. ஐசக் மாமா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். மற்றவர்கள் சுகம்.

உன் கடிதத்தை உன் அண்ணி லிடியானுக்குப் படித்துக் காட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறாய். கோழியும் செலரியும் தின்றாய். எல்லோரோடும் சிரித்தாய். ரயில் ஏறிப் போய் உட்கார்ந்து எனக்குப் பிரசங்கம் எழுதுகிறாய். பிரசங்கத்துக்கு இங்கே ஆள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

நான் ஆசைப்பட்டு நாய் வளர்க்கவில்லை. அப்பா காலத்திலிருந்து மாடுதான். பால் கம்பெனிக்காரன், உங்கள் சாலைக்கு இனி வண்டி வராது, பெரிய பண்ணைகளில் மட்டும்தான் எடுப்போம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினான். மாடுகளை ஏலத்தில் விட்ட அன்று நீ எங்கே இருந்தாய்? அந்த வாரமே நாய்க்குட்டித் தரகர் டுவேன் வந்தார். "மெனோ, கொட்டில் சுத்தமா வச்சுக்க. குட்டி ஆரோக்கியமா இருக்கணும். லாரியில ஒண்ணுக்குப் பேதி புடிச்சா மொத்த லோடும் உன் வாசலுக்குத் திரும்பி வரும்" என்றார். ஒரு முறை வந்தது. அந்த லோடை நான்தான் புதைத்தேன். அதற்கப்புறம்தான் பவுடர்.

திருட்டுத்தனமாக வாங்கவில்லை. கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்டுத்தான் பவுடர் வாளியை வைத்துவிட்டுப் போகிறார். கார் எஞ்சினைக்கூட நிறுத்த மாட்டார், அத்தனை அவசரம் அவருக்கு. ஆனால் படித்தவர். நீ மருத்துவர் இல்லை ரோடா. மருத்துவர் ஊசி போடும்போது நாயின் காலைப் பிடித்துக்கொள்கிறவள்.

அந்தக் கிருமி என் கொட்டிலில் பிறந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? டுவேன் லாரியில் எங்கெங்கோ இருந்து வந்த குட்டிகள் ஒரே கூண்டில் போகின்றன. கடையில் ஊரே வந்து தடவுகிறது. பழி மட்டும் தொப்பி போட்டவனுக்கு. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னது நானா? உன் பட்டணத்து ஜனங்களுக்கு நினைத்த சனிக்கிழமை குட்டி வேண்டும், பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், பேதி போகக் கூடாது. அப்படிப்பட்ட நாயைக் கடவுளே படைக்கவில்லை.

சவில்லாவுக்குக் கொட்டில்தான் உலகம். கதவைச் சாத்தினால் அழுவாள். சாத்தப் போவதில்லை.

மெனோ


செயின்ட் பால்
நவம்பர் 14

அண்ணா,

லாரியைப் பற்றி நீ சொன்னது சரி. கிருமி எந்தக் கொட்டிலில் தொடங்கியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த லாரிக்குக் குட்டி தரும் கொட்டில்களில் அதே வாளி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எல்லாக் குட்டிகளுக்கும் ஒரு வாரம் மருந்து கொடுத்துத் தாங்கியவற்றை மட்டும் ஒரே கூண்டில் அடைத்து அனுப்புகிறீர்கள். வேண்டுமென்றே வளர்த்தாலும் இதைவிட நன்றாக வளர்க்க முடியாது.

மாடுகள் ஏலம் போன அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாய். இங்கேதான் இருந்தேன். அது இந்தப் பேச்சுக்குப் பதில் ஆகாது.

என் பட்டணத்தைத் திட்டினாய். சரி, நானும் திட்டுகிறேன். நேற்று ஒரு அம்மாள் புல்டாக்கைக் கொண்டுவந்தாள். பாதத்தை நக்குகிறதாம். தோல் ஒவ்வாமை. தீவனத்தை மாற்றினால் போதும். "மாத்திரை இல்லாம நான் இங்கேருந்து போகமாட்டேன். போன தடவை குடுத்தீங்கல்ல?" என்று நின்றாள். எங்கள் மருத்துவர் உள்ளே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "குடுத்து அனுப்பிரு ரோடா. நாம குடுக்கலைன்னா ரெண்டு தெரு தள்ளி ஒருத்தன் குடுக்கப்போறான்." கொடுத்தோம். கிருமியே இல்லாத ஒரு பாதத்துக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து, எலும்பு வடிவத்தில், கோழிச் சுவையோடு. அந்த நாய் அந்த அம்மாளின் கட்டிலில் தூங்குகிறது. அவள் முகத்தை நக்குகிறது.

அவர் சொன்ன வாக்கியமும் நீ சொல்கிற வாக்கியமும் ஒன்றுதான். டுவேன் சொல்கிறார், கடைக்காரன் கேட்கிறான், மருத்துவர் கையெழுத்துப் போட்டார். நான் படித்த கதைகளில் கெடுதல் செய்கிறவனுக்கு ஒரு முகம் இருக்கும், வெறுக்க வசதியாக. இங்கே யாரைப் பிடித்தாலும் அவன் அடுத்தவனைக் கை காட்டுகிறான். காட்டப்படுகிறவன் உண்மையிலேயே அங்கே நிற்கிறான். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து, ஹாஸ்கல் மட்டும் குழாய்களோடு படுத்திருக்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது அண்ணா. உன் மேல் மட்டும் இல்லை. ஆனால் உன் மேலும்தான், ஏனென்றால் இவர்களில் நீ ஒருவன்தான் என் பேச்சைக் கேட்கக்கூடியவன்.

இதோடு சில சிறு டப்பாக்கள் அனுப்பியிருக்கிறேன். குட்டிகளின் மலத்தைக் கொஞ்சம் எடுத்து மூடி, தபாலில் போடு. முகவரி ஒட்டியிருக்கிறது. முடிவு உனக்குத்தான் வரும், எனக்குக்கூட வராது.

சவில்லாவின் கையையாவது சோப்புப் போட்டுக் கழுவச் சொல். கரண்டியை நக்க விடாதே. வேறு எதையும் நீ கேட்காவிட்டாலும் இதைக் கேள்.

ரோடா


ஓஹையோ
நவம்பர் 22

ரோடாவுக்கு,

ஒரு வாரமாக மழை. தோட்டம் சேறு.

செவ்வாய்க்கிழமை அரசாங்கக் கார் வாசலில் வந்து நின்றது. சுகாதாரத் துறை என்று ஒரு பெண். கொட்டிலைப் பார்த்தாள், வாளியைப் படம் எடுத்தாள், குட்டிகளிடமிருந்து மாதிரி எடுத்தாள். ஏமோஸ் வேலிக்கு அந்தப் பக்கம் உழுகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பரில் மழைச் சேற்றில் என்ன உழுதானோ. ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஈலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுவா இருந்தாலும் சொல்லு மெனோ, ஒளிக்காதே" என்கிறார். நான் எதை ஒளித்தேன்?

"யாரு புகார் குடுத்தது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "பேரு சொல்ற வழக்கம் இல்லைங்க" என்றாள். நீதானே? நேராகப் பதில் சொல். நீ என்றால் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

உன் டப்பாக்களை அடுப்பில் போட்டேன். கெட்ட நாற்றம்.

சவில்லாவுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. ஜுரமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் சபை நிதியைக் கேட்க வேண்டும். ஐசக் மாமா இடுப்பு ஆபரேஷனுக்கு எல்லோரும் கொடுத்து இன்னும் மூச்சு விடவில்லை. அதுவும் இப்போது, ஊர் என்னைப் பார்க்கிற இந்த நேரத்தில், நான் போய்க் கேட்பதா? லிடியான் வாளியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆப்பிள் ஜாமில் குழைத்துக் கொடுத்தாள். போன வருஷம் பையன்களுக்கு இதே கைவைத்தியம்தான், எழுந்து ஓடினார்கள். சவில்லாவும் இன்று காலையில் கொஞ்சம் பேசினாள். பட்டன் லாரியில் போய்விட்டான் என்று உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மெனோ


செயின்ட் பால்
நவம்பர் 26

அண்ணா,

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. உடனே, வீட்டில் போன் வைக்காத நீங்கள் பொதுவாக வைத்திருக்கும் சாலை முனைப் போன் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செய்தி வைத்தேன். யாராவது வந்து கேட்கும்வரை அது அங்கே கிடக்கும். பிறகு கெயிலைக் கூப்பிட்டேன். உங்களை ஏலத்துக்கும் பல் மருத்துவரிடமும் காரில் கூட்டிப் போகிறவர் நான் சொன்னால் கேட்பார். "சாப்பாடு அடுப்புல இருக்கு, அணைச்சிட்டுப் போறேன்" என்றார். இந்நேரம் உன் கதவைத் தட்டியிருப்பார். குழந்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லியிருக்கிறேன். நீ அவரைத் திருப்பி அனுப்பிவிடுவாயோ என்ற பயத்தில் இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

யார் புகார் கொடுத்தது என்பதை அப்புறம் பேசலாம். இப்போது மூன்று விஷயங்களை மருத்துவரிடம் சொல். நாய்க்குட்டிகளோடு இருந்தாள். அந்தக் குட்டிகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறோம். அதே மருந்தை அவளுக்கும் கொடுத்தோம். வாளியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போ. அவர்கள் கேட்காவிட்டாலும் சொல். ஏன் என்றால், அவர்கள் முதலில் எடுக்கப்போவது அந்தப் பவுடரின் உறவுக்கார மருந்து. அவள் வயிற்றில் இருக்கும் கிருமிக்கு அது பழகிப்போயிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் போய்விடும்.

அண்ணியைத் திட்டாதே. பவுடரை வீட்டுக்குள் மருந்தாக்கியது அவள் இல்லை.

சொல் அண்ணா. வெட்கமாக இருந்தாலும் சொல்.

ரோடா


ஆஸ்பத்திரியிலிருந்து
டிசம்பர் 3

ரோடா,

வானிலை தெரியவில்லை. இங்கே ஜன்னல் திறக்காது.

கெயில் வந்தபோது சவில்லா நிற்கவே முடியாமல் இருந்தாள். அன்றைக்கே சேர்த்துவிட்டோம். உன் கடிதம் நாங்கள் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. நேற்றுதான் கெயில் கொண்டுவந்து கொடுத்தார். முன்பே படித்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்றால், கேட்டார்கள். சேர்த்த அன்றே கேட்டார்கள். "வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

லிடியான் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மிருகத்துக்கான மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்தான் என்று எழுதுவார்கள், அரசாங்கக் கார் மறுபடி வரும், இந்த முறை வாளிக்காக வராது, பையன்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். அப்படி ஒரு வீட்டில் நடந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

நீ எழுதிய அந்த உறவுக்கார மருந்தைத்தான் கொடுத்தார்கள். ஜுரம் இறங்கவில்லை. பேதியில் இரத்தம் நிற்கவில்லை. அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாள் நான் காபி எடுக்கப் போனபோது லிடியான் தாழ்வாரத்தில் ஒரு நர்ஸைப் பிடித்து நிறுத்தித் வீட்டு ஜெர்மன் கலந்த தன் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அறையில் நான்கு மருத்துவர்கள். இளவட்டம் ஒருவன் என்னிடம், "நாய்க்குக் குடுக்கிறதையா சார்?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். அடித்திருந்தால் தேவலை.

இப்போது வேறொன்று ஏறிக்கொண்டிருக்கிறது. ஜுரம் கொஞ்சம் விட்டிருக்கிறது. உதடு வெடித்து, கை குச்சி மாதிரி கிடக்கிறாள்.

கீழே ஒரு போன் இருக்கிறது. டுவேனைக் கூப்பிட்டேன். "பவுடர் குடுன்னு நான் எப்பச் சொன்னேன் மெனோ? குட்டி ஆரோக்கியமா இருக்கணும்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?" என்கிறான். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். "சீட்டுல மிருகங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கே, நீங்க படிக்கலையா?" என்கிறார். என் கொட்டிலுக்குள் ஒரு நாள் கால் வைத்திருப்பாரா அந்த ஆள்? எஞ்சினை நிறுத்தியிருப்பாரா? எட்டாம் வகுப்போடு நின்ற நான் சீட்டைப் படிக்கவில்லை என்கிறான், கையெழுத்துப் போட்டவன்.

கொட்டில் நிறையக் குட்டிகள் இருக்கின்றன. அடுத்த புதன்கிழமை லாரி. பையன்கள் பவுடரை ஆரம்பிக்கட்டுமா என்று கெயிலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் என்ன சொல்ல?

மெனோ


செயின்ட் பால்
டிசம்பர் 8

அண்ணா,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

ஹாஸ்கலுக்காகத் துறையிலிருந்து எங்களைக் கூப்பிட்டு, குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கடைக்காரரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். உன் பெயரையும் சாலையையும் சொன்னேன். வாளியைப் பற்றியும் சொன்னேன். இது உன் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே நடந்தது. நீ நேராகக் கேட்டாய், அதனால் நேராகச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நீ ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதைப் படித்து முதலில் கத்தினேன். என் அறையில் நான் கத்துவதில்லை, பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். பிறகு மறுபடி படித்தேன். குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படுகிற நிலையில் உன்னை வைத்திருக்கிறார்கள். அந்தக் கால்நடை மருத்துவருக்கும் டுவேனுக்கும் அப்படி ஒரு பயம் ஒரு நாளும் வராது. அவர்கள் முதுகு எந்தக் கடைப் படத்திலும் இல்லை, அவர்கள் பெயர் குட்டியோடு போகும் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் கரண்டியைப் பிடிப்பதில்லை. இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீ இல்லை என்று சொன்னாய். அண்ணிதான் சொன்னாள். அதையும் நான் மறக்கப்போவதில்லை, நீயும் மறக்காதே.

பையன்களிடம் சொல்: பவுடர் வேண்டாம். லாரியும் வேண்டாம். சில குட்டிகள் சாகும். அது உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும்தான். நோய் கண்டவற்றை மட்டும் பரிசோதித்து, எங்கள் மருத்துவர் எழுதித் தருவதைக் கொடு. இதோடு மறுபடி டப்பாக்கள் வைத்திருக்கிறேன், இந்த முறை அடுப்பில் போடாதே.

இன்னொன்று. உங்கள் சபையில் எத்தனை வீட்டில் வாளி இருக்கிறது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எத்தனை வீட்டில் அதை ஜாமில் குழைக்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நான் சொன்னால் ஓடிப்போனவளின் பேச்சு. சுகாதாரத் துறை சொன்னால் அரசாங்கத்தின் பேச்சு. நீ எழுந்து நின்று சொல்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் உன் வீட்டுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

ரோடா


ஓஹையோ
மார்ச் 10

ரோடா,

பனி உருகிக்கொண்டிருக்கிறது. மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது. ஐசக் மாமா சுகம். லிடியான் உன்னை விசாரிக்கச் சொன்னாள். நீ அவளோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தூங்கிய நாட்களை அடிக்கடி பேசுகிறாள். உன் குறட்டையைப் பற்றியும்.

நீ கேட்டபடி எழுந்து நின்று சொன்னேன். ஜனவரியில், ஏமோஸ் வீட்டில் கூடியபோது, ஆராதனை முடிந்து சபை உறுப்பினர் மட்டும் உட்கார்ந்திருந்த நேரத்தில். பவுடரைச் சொன்னேன், ஜாமைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். பிறகு ஏமோஸ், "உனக்கு நடந்துச்சுன்னா எல்லாருக்கும் நடக்கணுமா?" என்றான். அவன் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து, "வாயை மூடுங்க, நம்ம வீட்டுலயும் அதே ஜாமுதான்" என்றாள். கூட்டத்தில் பெண்கள் அப்படிக் குறுக்கே பேசுவதில்லை. ஈலை அவளைக் கண்டிக்கவில்லை.

அன்று மாலையே மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் வாளிகளை என் களஞ்சியத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடையில் கொட்டக் கூடாது என்று நீ சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. கெயில் மருந்துக் கடைக்காரரைக் கேட்டு எடுத்துப் போனார். ஏமோஸ் கொண்டுவரவில்லை. டுவேன் லாரி இப்போது அவன் வாசலில் நிற்கிறது. நான் டுவேனுக்குக் கொடுத்துவந்த எண்ணிக்கையையும் சேர்த்து அவனே வளர்க்கிறான்.

சுகாதாரத் துறையிலிருந்து பதில் வந்தது. குட்டிகளிடம் எடுத்த மாதிரியும் ஹாஸ்கலுடையதும் சவில்லாவுடையதும் ஒரே கிருமியாம். மருத்துவர் கையெழுத்து இருப்பதால் சட்டப்படி தவறு எதுவும் நடக்கவில்லையாம். கை கழுவுமாறு பரிந்துரை செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் விறகு பிளக்கப் போனேன். தேவைக்கு மேல் பிளந்துவிட்டேன்.

பவுடரை நிறுத்திய பிறகு குட்டிகளில் பாதிக்கும் மேல் செத்துப்போயின. மிச்சத்தைக் காப்பாற்றிப் பழக்கமான வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். தாய் நாய்கள் இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். நான் இப்போது சரக்குப் பெட்டிகள் செய்யும் பட்டறையில் ஆணி அடிக்கப் போகிறேன். பெரிய பையன் உடன் வருகிறான்.

நீ ஊருக்குத் திரும்பிய வாரம் சவில்லா கால் மரத்துப்போகிறது என்றாளே, அது படுத்திருந்ததால் இல்லை. கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, கிருமி என்று நினைத்துத் தன் நரம்புகளையே தாக்கிவிட்டது என்றார்கள். இந்தப் பேதிக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகுமாம். மருந்து சீக்கிரம் பிடித்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் பெரிய மருத்துவர். அந்த இளவட்டம் தரையைப் பார்த்தான்.

போன வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உட்காருகிறாள், தானே சாப்பிடுகிறாள், பையன்களை அதட்டுகிறாள். இன்னும் நடக்கவில்லை.

மெனோ